மாடல் ரயில் பாதைக்கு ஜல்லி: உட்லண்ட் சீனிக்ஸ் டப்பாவும் ஒரு படி எம்-சாண்டும்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம் பேசலாம். மாடல் பாதைக்கென்றே உட்லண்ட் சீனிக்ஸ் என்ற பிராண்டில் டப்பாவில் வரும் ஜல்லி நல்ல சரக்கு. சுத்தமாக இருக்கிறது, துகள் அளவு சீராக இருக்கிறது, புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர் கையில் கொடுத்தால் முதல் ஒரு மீட்டர் பாதையே பார்க்கிற மாதிரி வந்துவிடும். ஆனால் நீங்கள் செய்வது நம் ஊர் ரயில் பாதை, அதுவும் ஹெச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் 1 பங்கு) வீட்டில் பலகை மேல் நிரந்தரமாக இருக்கப்போகிற லேஅவுட் என்றால், தெருக்கோடியில் வீடு கட்டுகிற இடத்தில் கொட்டிக் கிடக்கும் எம்-சாண்டைச் சலித்து அதைவிட நன்றாகச் செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், பாதையின் அமைப்பை அடிக்கடி கலைத்து மாற்றுகிறவர்கள், தரையில் விரித்து ஓட்டிவிட்டு மடித்து வைக்கிறவர்கள் இரண்டையுமே வாங்க வேண்டாம், அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஜல்லி போடலாமா வேண்டாமா என்று யார் கேட்டாலும் நான் பதிலுக்குக் கேட்பது, உங்கள் பாதை இனி நகராது என்று உறுதியாகத் தெரியுமா என்பதைத்தான். நிஜப் பாதையில் ஜல்லிக்கு உயிரான வேலை இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரிலிருந்து வரும் எடையை வாங்கிக் கீழே மண்ணுக்குப் பரப்பிக் கொடுக்கிறது, மழைத்தண்ணீரை வடியவிடுகிறது, வெயிலில் தண்டவாளம் நீளப் பார்க்கும்போது ஸ்லீப்பர் இடம் பெயராமல் பிடித்துக்கொள்கிறது. கிலோமீட்டர் கணக்கில் வெல்டு செய்து போட்டிருக்கும் தண்டவாளங்களில் இந்தப் பிடிப்பு தளர்ந்தால் கோடையில் பாதையே பக்கவாட்டில் நெளிந்துவிடும். மாடலில் இந்த மூன்று வேலைகளில் ஒன்றுகூடக் கிடையாது. பாதையைப் பிடித்து வைப்பது கீழே இருக்கும் கார்க் பட்டையும் பசையும் சின்ன ஆணிகளும்தான். ஆக மாடலில் ஜல்லி முழுக்க முழுக்கக் கண்ணுக்காகப் போடுவது.

கண்ணுக்காக என்பதால் அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜல்லி இல்லாத பாதையில் ஸ்லீப்பர்களுக்கு நடுவே பழுப்புக் கார்க் தெரியும், ஸ்லீப்பருக்கு அடியில் மெல்லிய நிழல் விழும், என்ன விலை கொடுத்து வாங்கிய லோகோவாக இருந்தாலும் பலகை மேல் வைத்த பொம்மையாகத்தான் நிற்கும். அதே இடத்தில் ஜல்லியைப் போட்டு ஒட்டி முடித்த பிறகு ஒரு டபிள்யூஏபி-7 மின்சார லோகோவைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நிஜத்தில் அது 123 டன். அந்த எடை அப்போதுதான் கண்ணில் தெரிய ஆரம்பிக்கும். லேஅவுட்டில் வேறு எந்த வேலையும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் தராது என்பது என் திடமான அபிப்பிராயம். மரம், கட்டிடம், மனிதர்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இப்போது அளவுக் கணக்கு. இதைப் பார்க்காமல் ஜல்லி வாங்கவே கூடாது. இந்திய ரயில்வே பாதைக்கு எடுக்கும் கருங்கல் ஜல்லி பெரும்பாலும் 20 மி.மீ முதல் 65 மி.மீ வரை. ஹெச்ஓ என்பது 87-இல் 1 பங்கு, அதனால் மாடலில் அது கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி முக்கால் மில்லிமீட்டரில் முடிந்துவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துகளைப் போட்டீர்கள் என்றால் நிஜ உலகில் அது 87 மி.மீ கல், ஒரு ஆள் கையை விரித்துத் தூக்க வேண்டிய அளவு. பாதை முழுக்க அப்படிக் கிடந்தால் ஏதோ மலைச்சரிவில் பாறை உருண்டு விழுந்த மாதிரி இருக்கும். தப்பு எங்கே என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொருந்தவில்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

அதனால்தான் உட்லண்ட் சீனிக்ஸில் எதை வாங்குவது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஃபைன் என்று சொல்வேன். அவர்களிடம் ஃபைன், மீடியம், கோர்ஸ் என்று மூன்று அளவு உண்டு. ஹெச்ஓவுக்கு மீடியம் என்று பல இடங்களில் சொல்வார்கள், கடையிலும் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். மீடியம் ஹெச்ஓவைவிடப் பெரியதான ‘ஓ’ (O) ஸ்கேலுக்குப் போகட்டும். ஹெச்ஓவில் ஃபைன்தான் சரி. நிறத்தில் பஃப், வெளிர் சாம்பல், சாம்பல், சாம்பல் கலவை, பழுப்பு, இரும்புத்தாது, கரித்தூள் கறுப்பு என்று நிறைய இருக்கிறது. ஒரே நிறத்தில் வரும் சாம்பல் டப்பாவை வாங்க வேண்டாம், கலவை என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதில் வெளிர், நடுத்தரம், கருமை என மூன்று நிறத் துகள்கள் கலந்திருக்கும். ஒரே நிறம் போட்டால் தூரத்திலிருந்து பார்க்கும்போது சிமெண்ட் பூசிய தரை மாதிரி ஆகிவிடுகிறது.

சின்ன பாக்கெட்டிலும் வருகிறது, குலுக்கிக் கொட்டுகிற டப்பாவிலும் வருகிறது. டப்பா வாங்குங்கள். மூடியில் துளை இருக்கும், அளவாகக் கொட்டும், மிச்சத்தை அப்படியே மூடி வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றிலும் கட்டி பிடிக்காது. நம் ஊருக்கு வந்து சேரும்போது விலை கணிசமாக ஏறிவிடுகிறது, அதுதான் ஒரே குறை. அமெரிக்காவில் ஒருவர் யோசிக்காமல் வாங்குகிற சரக்கு இங்கே வரும்போது கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு சரக்குப் பெட்டி வாங்கலாமா இதை வாங்கலாமா என்று நிற்க வைக்கிறது.

இந்த ஜல்லி கல் இல்லை, வால்நட் ஓட்டை அரைத்து நிறம் ஏற்றியது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது முக்கியம், ஏனென்றால் இதன் நல்லதும் கெட்டதும் இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன. ஓடு என்பதால் இதில் இரும்புத் துகள் இருக்க வாய்ப்பே இல்லை. லோகோவுக்குள் இருக்கும் மோட்டார் நிரந்தரக் காந்தத்தில் சுற்றுவது, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இரும்புத்தூள் கிடந்தால் இழுத்துக்கொண்டு போய் உள்ளே சேர்த்துவிடும், அந்தக் கவலை இதில் இல்லை. எடையும் இல்லை. கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாட்யூல் பலகைகள் செய்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம், கல் போட்டால் பலகையின் எடை தோளில் தெரியும். குழந்தைகளோடு சேர்ந்து செய்கிறவர்களும் இதையே எடுக்கலாம், தூசி கம்மி.

கெட்டது என்னவென்றால், எடை இல்லாததால் மிதக்கும். பசைத்தண்ணீரைச் சொட்டாக விட்டால் துகள்கள் அந்தச் சொட்டோடு எழும்பி நகர்ந்து, ஸ்லீப்பர் நடுவில் குழியும் ஓரத்தில் குவியலுமாக நின்றுவிடும். இது வால்நட் ஓட்டின் இயல்பு, டப்பாவில் எந்தப் பெயர் இருந்தாலும் நடக்கும். வழி என்னவென்றால் பசை விடுவதற்கு முன்னால் நன்றாக நனைக்க வேண்டும், அதையும் மேலிருந்து பீய்ச்சாமல், ஸ்பிரேயை ஓரடி மேலே பிடித்துப் பனி மாதிரி இறங்க விட வேண்டும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி ஐசோபிரோபைல் ஆல்கஹால் கலந்தால் துகள்களுக்கு நடுவே சட்டென்று இறங்கும். சென்னையில் ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கிறார்களே, அதேதான். ஆல்கஹால் கிடைக்காதவர்கள் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடலாம், நுரை வராத அளவுக்கு. ஆல்கஹால் தெளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

பசைக்கு அவர்களே சீனிக் சிமெண்ட் என்று தனியாக விற்கிறார்கள். தேவையில்லை. ஃபெவிகால் எஸ்ஹெச் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, ஒரு சொட்டு சோப்பு, இது போதும். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மி.லி சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு, தண்டவாளங்களுக்கு நடுவில் முதலில் விட்டு, அப்புறம் இரண்டு ஓரங்களிலும் விட்டால் பசை தானாகவே ஸ்லீப்பருக்கு அடியில் பரவும். விட்டதும் எல்லாம் வெள்ளையாகப் பால் கொட்டிய மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், காய்ந்ததும் தெளிந்துவிடும். காய ஒரு முழு நாள் விடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னைக்காரர்கள் இரண்டு நாள் விடுவது நல்லது. பாதி காய்ந்திருக்கும்போது விரலால் தொட்டுப் பார்க்கிற ஆசையை அடக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபெவிகாலில் இன்னொரு நன்மை, பின்னால் பாதையை எடுக்க வேண்டியிருந்தால் வெந்நீர் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் இளகும், தட்டையான கரண்டியால் நெம்பிப் பாதையைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

பரப்புகிற விதத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஜல்லி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நடுவில் மெல்லிய கோடாகக் கொட்டி, அரை அங்குலத் தட்டைத் தூரிகையால் இரண்டு பக்கமும் தள்ளுங்கள். பிறகு தூரிகையின் கட்டையால் தண்டவாளத்தின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் ஸ்லீப்பர் மேல் நிற்கும் துகள்கள் குதித்துக் கீழே இறங்கிவிடும். ஸ்லீப்பர் மேலே ஒரு துகள்கூட இருக்கக் கூடாது, தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டிய துகளும் இருக்கக் கூடாது, சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறி இறங்கும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக அழகாகும். தண்டவாளப் பக்கவாட்டுக்குத் துரு நிறம் அடிப்பதாக இருந்தால் ஜல்லிக்கு முன்னாலேயே அடித்துவிடுங்கள்.

சரி, எம்-சாண்டுக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசை. எங்கள் லேஅவுட்டில் சுவரை ஒட்டி நீளமாகப் போகிற இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் டப்பா ஜல்லி, எதிர்ப்பக்கம் சலித்த எம்-சாண்ட். ஒன்றையொன்று ஒட்டி ஓடுவதால் வருகிறவர்கள் எல்லோரும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் எம்-சாண்ட் பக்கம்தான் கை காட்டுகிறார்கள். அது ஏன் என்பதற்குக் காரணம் எளிது. எம்-சாண்ட் என்பது கருங்கல்லை உடைத்துச் செய்கிற மணல். சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் குவாரிகளில் வருவது பெரும்பாலும் பல்லாவரம், பரங்கிமலையில் பார்க்கிற அதே நீலம் கலந்த சாம்பல் கல்தான். ரயில் பாதையில் போடும் ஜல்லியும் இப்படி உடைத்த கருங்கல்தான். அதாவது நீங்கள் கல்லின் நிறத்தைப் போலி செய்யவில்லை, அந்தக் கல்லையே போடுகிறீர்கள். உடைந்த முனைகள் கூர்மையாக இருக்கின்றன, சாய்வாக வெளிச்சம் விழும்போது ஆங்காங்கே சின்னதாக மின்னும். வால்நட் ஓட்டில் இந்த மின்னல் வராது.

ஆற்று மணலை எடுக்காதீர்கள், அது தண்ணீரில் உருண்டு உருண்டு மழுங்கியது, ஜல்லி மாதிரி ஒன்றோடொன்று கவ்வி நிற்காது, பழுப்பாகவும் இருக்கும். கடற்கரை மணல் பக்கம் போகவே வேண்டாம், உப்பு இருக்கிறது.

சலிப்பதற்கு ஆய்வகச் சல்லடை கிடைத்தால் 600 மைக்ரான் ஒன்று, 300 மைக்ரான் ஒன்று. முதலாவதில் இறங்கி இரண்டாவதில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ அளவில் அது ஏறக்குறைய 26 மி.மீ முதல் 52 மி.மீ வரை வரும், நமக்குத் தேவையான வரம்புக்குள் நடுவாக உட்கார்ந்துகொள்கிறது. ஆய்வகச் சல்லடை இல்லையென்றால் வீட்டில் இருக்கும் ரவை சல்லடையில் இறங்கி மாவு சல்லடையில் நிற்பது ஏறத்தாழ அதற்குப் பக்கத்தில் வரும். வலைக்கண் அளவு கடைக்குக் கடை மாறும், அதனால் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துத் துகளைப் பார்த்துவிடுங்கள். சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். கருங்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, இதில் விளையாட வேண்டாம், மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகு காட்டிச் செய்யுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் சல்லடையைத் திருப்பிச் சமையலறைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

சலித்ததை அரிசி களைவது போல நாலைந்து தண்ணீர் களைந்து, மேலே கலங்கி வரும் பொடியைக் கொட்டிவிட வேண்டும். இந்தப் பொடி இருந்தால் பசையோடு சேர்ந்து சேறாகிவிடும், ஜல்லி ஜல்லியாகத் தெரியாது. வெயிலில் பரப்பி முழுவதும் காயவைத்த பிறகு, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, துகள்களுக்கு மேலேயும் உள்ளேயும் பல தடவை இழுத்து எடுங்கள். கறுப்பாகத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். உறையை உருவினால் அவை தனியாக விழுந்துவிடும். ஒன்றும் ஒட்டாமல் வரும்வரை செய்ய வேண்டும். மேலே சொன்ன மோட்டார் காந்த விவகாரம் இங்கேதான் நிஜமான ஆபத்து, எம்-சாண்ட் எடுக்கிறவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு வேலையா என்று தோன்றலாம். தோன்றினால் டப்பாவே வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கல் கனமானது என்பதால் பசைத்தண்ணீரில் மிதக்காது, பரப்பிய இடத்திலேயே இருக்கும், ஒட்டுகிற வேலை பாதியாகக் குறைகிறது. சலிப்பதில் போன நேரத்தைப் பரப்புவதில் திரும்பப் பெற்றுவிடலாம்.

நிறம் பற்றி இன்னும் ஒன்று. புதிதாகப் போட்ட ஜல்லி நீலச்சாம்பல், சரி. ஆனால் வண்டி ஓட ஓட பிரேக் கட்டைத் தூசியும் தண்டவாளத் துருவும் படிந்து தண்டவாளத்தை ஒட்டிய பகுதி செம்பழுப்பாக மாறும். ஓரங்கள் சாம்பலாகவே இருக்கும். பயோ டாய்லெட் வந்த பிறகு பாதையின் நடுப்பகுதி முன்பு இருந்ததைவிட எவ்வளவோ சுத்தம், அதனால் இன்றைய காலத்தைச் செய்கிறவர்கள் நடுவில் அழுக்கை அளவாக வைக்கலாம். ஜல்லியை இயந்திரம் கொண்டு தோண்டிச் சலித்துத் திருப்பிப் போட்ட பாதை பளிச்சென்றும், பக்கத்துப் பாதை மங்கியும் இருப்பதை அரக்கோணம் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதைக்கு இரண்டு நிறம் கொடுத்தாலே லேஅவுட் உயிரோடு இருக்கிற மாதிரி ஆகிவிடும். டீசல் ஷெட் பக்கம், எண்ணெய் நிரப்பும் இடத்தில் கரித்தூள் கறுப்பு டப்பா நன்றாகப் பொருந்துகிறது. ஈரோடு, பொன்மலை ஷெட்டுகளைச் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு டப்பாவை மட்டும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், எம்-சாண்டில் அந்தக் கறுப்பு வராது.

எங்கே போடக் கூடாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சென்ட்ரல், எழும்பூர் மாதிரிப் பெரிய நிலையங்களில் பிளாட்பாரப் பாதையைக் குனிந்து பாருங்கள், அங்கே ஜல்லியே இருக்காது, கழுவிவிட வசதியாகக் கான்கிரீட் தளம் போட்டிருப்பார்கள். அந்த நிலையத்தை மாடலாகச் செய்துவிட்டு பிளாட்பாரம் நெடுக ஜல்லி கொட்டினால் தப்பாகிவிடும், அங்கே மெல்லிய அட்டையோ பிளாஸ்டிக் ஷீட்டோ வைத்துச் சாம்பல் பெயிண்ட் அடிப்பதே சரி. இரும்புக் கர்டர் பாலத்திலும் ஜல்லி இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னல் வழியாகக் குனிந்தால் நேராகக் கடல்தான். மெட்ரோ ரயிலின் மேம்பாலப் பாதை கான்கிரீட்டில் உட்கார்ந்திருப்பது. பழைய சரக்கு யார்டில் ஜல்லி இருந்தாலும் மண்ணும் புல்லும் ஏறி ஸ்லீப்பர் மட்டத்துக்கு வந்திருக்கும், அங்கே ஜல்லியைவிடக் காய்ந்த செம்மண்ணைச் சலித்துப் போட்டால்தான் சரியாக இருக்கும். அப்புறம் திரைக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்தி வைக்கிற மறைவுப் பாதைகள், சுரங்கத்தின் உள்பக்கம், இங்கெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள், ஒரு துகளும் வேண்டாம். சுரங்கத்துக்குள் உதிர்ந்த ஜல்லி பல்சக்கரத்தில் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு.

வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயிண்ட்கள் தனி அத்தியாயம். பெக்கோ நிறுவனத்தின் பாயிண்ட்டில், நகர்ந்து வழி மாற்றும் நாக்குகளை இணைக்கும் கட்டை ஒன்று இருக்கிறது, அது ஒரு சின்ன ஸ்பிரிங்கின் விசையில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அழுத்தி நிற்கும். அந்தக் கட்டைக்கு அடியில் பசைத்தண்ணீர் போனால் கதை முடிந்தது. பசை அங்கே நேராக விடாவிட்டாலும், பக்கத்து ஜல்லி வழியாக உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும், அதுதான் சிக்கல். நான் செய்வது இது: பாயிண்ட்டை வைப்பதற்கு முன்பே அதன் அடியில் கார்க் மேல் ஜல்லியின் நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுவேன். நாக்கும் கட்டையும் நகரும் பகுதியில் ஜல்லியே கிடையாது. மற்ற பகுதியில் ஈரப்பசை விடாமல், கெட்டியான ஃபெவிகாலைக் குச்சியால் மெல்லியதாகத் தடவி அதன்மேல் துகளைத் தூவி, காய்ந்ததும் மிச்சத்தைத் தூரிகையால் எடுத்துவிடுவேன். பெயிண்ட் அடித்த இடம் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. பாயிண்ட் வேலை செய்யாமல் போனால் இருபதடி தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும்.

சத்தத்தைப் பற்றி. கார்க் போடுவதே பலகைக்கு அதிர்வு இறங்காமல் இருக்கத்தான். ஃபெவிகால் போட்டு ஒட்டிய ஜல்லி காய்ந்ததும் கல்லாகிவிடும், அது கார்க்கைத் தாண்டி இறங்கிப் பலகையைத் தொட்டால், அதிர்வு அந்த வழியாக நேரே பலகைக்குப் போய் மத்தளமாகிவிடும். முன்பைவிட ஜல்லி போட்ட பாதையில் சத்தம் அதிகம் என்று சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ரப்பர் தன்மையுள்ள லேடெக்ஸ் பசை போட்டால் சத்தம் குறையும், ஆனால் நாளாக நாளாக மஞ்சளாகும், எனக்கு அது பிடிக்கவில்லை. ஜல்லியின் சரிவைக் கார்க் ஓரத்தோடு நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே பலகையில் மண்ணைத் தனியாக வேறொரு நாள் ஒட்டினால் பாதிச் சத்தம் குறைந்துவிடும். கணக்கும் சரியாக வருகிறது பாருங்கள். நிஜப் பாதையில் ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி 250 முதல் 350 மி.மீ ஆழம், மாடலில் ஏறக்குறைய 3 முதல் 4 மி.மீ. நாம் போடும் 3 மி.மீ கார்க் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எப்போது போடுவது? எல்லா வயரும் சாலிடர் செய்து, எல்லாப் பாயிண்ட்டும் இயங்கி, உங்களிடம் இருக்கும் மிக நீளமான வண்டியை முன்னும் பின்னும் தள்ளியும் இழுத்தும் ஓட்டிப் பார்த்து, முடிந்தால் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகு. பிளைவுட் பலகை ஈரத்தில் ஊதும், காயும்போது சுருங்கும். நிக்கல் சில்வர் தண்டவாளமும் நீளும், 4 மீட்டர் நீளத்துக்கு வெப்பம் 15 டிகிரி மாறினால் ஏறக்குறைய 1 மி.மீ. பகலில் பூட்டிக் கிடந்து இரவில் ஏசி போடுகிற அறையில் இது தினமும் நடக்கும். இணைப்புகளில் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறீர்களா, எங்காவது நெளிகிறதா என்பதெல்லாம் ஜல்லிக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும். பசை காய்ந்த பிறகு தெரிந்தால் அந்தப் பகுதி முழுவதையும் ஊறவைத்துப் பெயர்க்க வேண்டும்.

இனி முதலில் சொன்ன அந்த வேறு வழி, கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் பாதை. ஜல்லி அடிமானம் பிளாஸ்டிக்கில் வார்த்தே வருகிறது, துண்டு துண்டாகப் பொருத்தலாம், கழற்றலாம், ஹெச்ஓவில் தண்டவாளம் கோட் 83 (கோட் என்பது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது), பாயிண்ட்டின் மோட்டாரை அடிமானத்துக்குள்ளேயே மறைத்து வைத்த வகையும் உண்டு. இணைப்பு அவ்வளவு நம்பகமானது, தரையில் விரித்து ஓட்டினால்கூட மின்சாரம் விட்டுவிட்டு வருகிற தொல்லை கிடையாது. வீடு மாறும் வாய்ப்பு இருக்கிறவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். மெர்க்லின் 1996-இலிருந்து விற்கும் சி-டிராக்கும் இதே வழிதான், ஆனால் அது அவர்களுடைய மூன்று தண்டவாள மின்முறைக்கு. யூனிட்ராக்கின் ஜல்லி ஒரே சாம்பல், கிட்டே போனால் வார்ப்பு என்று தெரியும், உள்ளே வெற்றிடம் என்பதால் சத்தமும் வரும். மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்து, நீர்த்த பழுப்பு பெயிண்ட்டைத் தண்டவாளத்தை ஒட்டி ஓடவிட்டால் பாதிக்குமேல் சரியாகிவிடும். அதன் ஓரச் சரிவில் மட்டும் சலித்த எம்-சாண்டை ஒட்டினால் வார்ப்பின் விளிம்பு மறைந்துவிடும், ஆனால் அப்படிச் செய்தால் கழற்றி மாட்டுகிற வசதி போய்விடும், அந்த வசதிக்காகத்தானே வாங்கினோம்.

ஜல்லி போடுவதற்கு முன்னால் தண்டவாளத்தையும் யோசியுங்கள். கோட் 100 என்றால் உயரம் 2.54 மி.மீ, நிஜ அளவில் 220 மி.மீ-க்கும் மேலே. நம் பிரதான பாதைகளில் இருக்கும் 60 கிலோ தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ, மாடலில் 2 மி.மீ-க்கும் ஒரு இழை குறைவு. கோட் 75 அதற்கு மிக நெருக்கம். பெக்கோவில் கான்கிரீட் ஸ்லீப்பர் வகையும் கிடைக்கிறது, இன்றைய இந்தியப் பாதைக்கு அதுதான் வேண்டும். பழுப்பு மரக்கட்டை ஸ்லீப்பருக்கு எவ்வளவு நல்ல ஜல்லி போட்டாலும் நம் ஊர் பிரதான பாதை வராது. ஹெச்ஓவில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் 16.5 மி.மீ அகலம் நம் பிராட் கேஜுக்குக் குறைவுதான், கணக்குப்படி 19 மி.மீ-க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். ஆனால் ஓரத்து ஜல்லியைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பினால், ஸ்லீப்பர் முனையிலிருந்து 4 மி.மீ வரை சமமாக விட்டுப் பிறகு சரித்தால், அந்தக் குறுகல் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. நிஜத்தில் அந்த ஓரம் 350 மி.மீ அளவுக்கு வருவது, கணக்கும் அதேதான்.

ஹெச்ஓவைவிடச் சின்னதான ‘என்’ (N) ஸ்கேலில் செய்கிறவர்களுக்கு: உங்கள் 160-இல் 1 பங்கில் ஜல்லி 0.13 மி.மீ முதல் 0.4 மி.மீ வரைதான் இருக்க வேண்டும், உட்லண்ட் சீனிக்ஸ் ஃபைன்கூட உங்களுக்குப் பெரிதாகத்தான் தெரியும். நீங்கள் எம்-சாண்டை விட்டுவிட்டுப் பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டைக் கேளுங்கள், அது ஏற்கெனவே பொடியானது, 300 மைக்ரானில் இறங்கி 150 மைக்ரானில் நிற்பதை எடுத்தால் போதும், அந்தக் காந்த வேலையை மட்டும் இரண்டு மடங்கு பொறுமையாகச் செய்யுங்கள்.